முகத்தைத் திருப்பிக்கொண்டவன்

படத்தைத் திருப்பி வைத்தேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நடந்தது இவ்வளவுதான். ஆனால் அந்த நொடியில் எனக்கு வந்த ஆத்திரத்தில், தூரிகை கழுவிய தண்ணீரை அப்படியே அவன் தலையில் கவிழ்த்திருப்பேன். மாதக்கணக்கில் முதுகு ஒடியக் குனிந்து வைத்த புள்ளிகள். அதுவும் அவனுடைய சொந்த முகம். "முடிஞ்சுது, பாரு" என்று கேன்வாஸை அவன் பக்கம் வைக்கிறேன், அவன் ஜன்னல் பக்கம் திரும்புகிறான். ஜன்னலில் அப்படி என்ன இருக்கிறது? எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி. அதன்மேல் ஒரு காக்கா.

"கேசவா, படம் இங்க இருக்கு" என்றேன்.

"தெரியும்லே" என்றான், தொட்டிப் பக்கம் பார்த்தபடியே.

இந்தத் தொடரை விடாமல் வாசிப்பவர்களுக்குக் கேசவன் பெயர் பழக்கமாகியிருக்கும். சென்னையில் ஒரே அறையில் ஒரே பாயில் படுத்த கதையெல்லாம் முன்பே சொல்லிவிட்டேன். இந்த வாரம்தான் முதல்முறையாக வந்து சேர்ந்தீர்கள் என்றாலும் கவலை வேண்டாம், அவனை ஒரு பத்தியில் சொல்லிவிடலாம். அவனும் ஒரு பத்தியில்தான் ஆட்களை முடிப்பான்.

ஒரு பத்தி போதும்

அவன் இரணியல்காரன். நான் கோட்டாறு, அதே தென்கோடி. ஓவியக் கல்லூரியில் சேர இருவரும் ஒரே ரயிலில் சென்னைக்குப் போனோம். பாதிப் படிப்பில் அவன் தூரிகையைக் கீழே வைத்துவிட்டான்.

"எனக்கு வரைய வராதுடே. ஆனா எவனுக்கு வராதுன்னு நல்லாச் சொல்ல வரும்" என்றான்.

அதைச் சொல்லியே பெரிய ஆளானான். ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு பத்தி, தமிழில் ஒரு பத்தி. கண்காட்சிக்கு வந்தால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு படத்தின் முன்னாலும் நிற்பான். ஒரு வார்த்தை பேச மாட்டான். வரைந்தவனுக்கு வேர்த்து வடியும். பத்திரிகை வந்த பிறகுதான் பிழைத்தோமா செத்தோமா என்று தெரியும். அவன் பாராட்டியவர்களின் படங்களை ஆட்கள் தேடி வந்து வாங்கினார்கள். ஒருவரை "அழகான சுவர்த்தாள்" என்று எழுதினான். அந்த மனிதர் சொந்த ஊருக்குப் போய்க் கண்ணாடிச் சட்டம் போடும் கடை வைத்துவிட்டார்.

என்னுடைய கண்காட்சிகள் எல்லாவற்றுக்கும் அவன் வந்திருக்கிறான். முதல் ஆளாக வருவான். வடை தின்பான். கடைசி ஆள் போகும்வரை நிற்பான். படங்களைச் சாக்கில் சுற்றி வேனில் ஏற்றுவதுவரை கூட நின்று செய்வான். ஆனால் ஒரு வரி எழுதியதில்லை. நல்லதாகவும் இல்லை, கெட்டதாகவும் இல்லை.

"கேசவன் உங்க ஊர்க்காரர்தானே சார், ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" என்று மற்றவர்கள் கேட்பார்கள். நான் சிரித்து வைப்பேன். அவனிடம் போய்க் கேட்பதா? நமக்கு வறட்டுக் கௌரவம் ஜாஸ்தி. ஒரு வயதுக்கு மேல் எனக்கே ஒரு கணக்குப் புரிந்துவிட்டது. எனக்கு அவன் நண்பன். என் படங்களுக்கு அவன் யாருமில்லை.

சென்னையில் எனக்குப் பெரிதாக ஒன்றும் அமையவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுத்தேன். கல்யாணமும் ஏனோ தட்டிக்கொண்டே போயிற்று. ஓய்வு கிடைத்ததும் கோட்டாறுக்கே வந்து, அப்பா கடை இருந்த தெருவிலேயே ஒரு மாடி அறையைப் பிடித்துக்கொண்டு புள்ளி வைக்க உட்கார்ந்துவிட்டேன்.

கருப்பட்டி பொதிந்த தாள்

எதற்குப் புள்ளி என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது அப்பாவின் கடையைத்தான். கருப்பட்டியும் வற்றல் மிளகாயும் விற்கிற கடை. பொதிந்து கொடுக்கப் பழைய செய்தித்தாள்கள் அடுக்கியிருக்கும். ஒருநாள் அதில் யாரோ ஒருவரின் முகத்தைக் கண்ணுக்கு ஒட்ட வைத்துப் பார்த்தேன். முகத்தைக் காணோம். வெறும் கறுப்புப் பொட்டுகள். கையை நீட்டிப் பிடித்தால் மனிதர் சிரிக்கிறார். மறுபடி கிட்டே கொண்டுவந்தால் பொட்டுகள். அன்றைக்குத் தும்மிக்கொண்டே எத்தனை தாளைப் புரட்டினேன் என்று தெரியாது. மிளகாய் நெடி இன்னும் மூக்கில் இருக்கிறது.

கல்லூரியில் ஒரு வாத்தியார் என் படத்தைப் பார்த்துவிட்டு, "கேன்வாஸுக்கு அம்மை போட்டிருக்கே, வேப்பிலை கட்டினியா?" என்றார். சென்னைக்காரர்கள் உடனே கோலம் என்று ஆரம்பித்துவிடுவார்கள். "உங்கள் மண்ணின் கோல மரபு" என்பார்கள். ஐயா, நாங்கள் கிறிஸ்தவச் சபைக்காரர்கள், எங்கள் வீட்டு வாசலில் கோலமே போட்டது கிடையாது என்று சொன்னால் யாருக்கும் பிடிக்காது.

என் வேலையைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். நான் வண்ணங்களைக் கலப்பதில்லை. நீலப் பொட்டுக்குப் பக்கத்தில் ஆரஞ்சுப் பொட்டு, அதற்குப் பக்கத்தில் கொஞ்சம் ஊதா. அவ்வளவுதான். தள்ளி நின்று பார்ப்பவனின் கண்தான் அதைக் கலந்து தோலாக்கும், நிழலாக்கும். பார்க்கிறவன் பாதி வேலை செய்தால்தான் என் படம் படம். அவன் செய்யாவிட்டால் அம்மைதான்.

அதனால்தான் கேசவன் பார்க்க வேண்டும் என்று எனக்கு அப்படி ஒரு ஆசை இருந்தது. அவனைப்போலப் பார்க்கத் தெரிந்தவன் வேறு யார்?

புள்ளி வந்தாச்சு

மனைவி தவறிப்போன பிறகு அவன் சென்னையை விட்டு இரணியலில் பூட்டிக் கிடந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தான். மகள் பெங்களூரில். எழுதுவதை நிறுத்திவிட்டான். ஏன் என்று கேட்டால், "எழுதினதெல்லாம் போதும்" என்பான். திமிர், வேறென்ன என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் காலையில் போன்.

"ஏலே தாசா, என்ன ஒண்ணு வரைவியா?"

எனக்குக் காது அடைத்துவிட்டது. ஒருமுறை இருமி, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "பாக்கலாம், வேலை கெடக்கு" என்றேன். ஒரு வேலையும் கிடையாது. போனை வைத்துவிட்டு அறையைக் கூட்ட ஆரம்பித்தேன்.

செவ்வாயும் வெள்ளியும் வருவான். ஒரு ஆட்டோக்காரரை நிரந்தரமாகப் பிடித்து வைத்திருந்தான். என் மாடிக்குக் கீழே ரோஸம்மாவின் சாயாக்கடை. ரோஸம்மா இனயத்துக்காரி, கடற்கரைத் தொண்டை. ஆட்டோ வந்து நின்றதும் தெருவே கேட்கக் கத்துவாள்:

"அண்ணாச்சி, புள்ளி வந்தாச்சு!"

மேற்கே எல்லையோரத்து எங்கள் பேச்சில் மலையாளம் கலந்து கிடக்கும். புள்ளி என்றால் அந்த ஆள், அவர். அவ்வளவுதான் பொருள். சென்னையில் கேசவனைப் பெரும்புள்ளி என்பார்கள். ரோஸம்மாவுக்கு அவன் வெறும் புள்ளி. எனக்கு அதில் ஒரு குஷி இருந்தது.

ஆனால் அவளுக்கு அவனைப் பிடிக்கவில்லை.

"என்ன ஆளு அண்ணாச்சி இது? மொகத்துக்கு நேரா நின்னு 'சுகமா சாரே'ன்னு கேக்கேன். வெடுக்குன்னு திரும்பிக்கிட்டு 'ம்'ங்காரு. சிரிச்சா என்ன, முத்தா உதுந்துரும்?"

"அவன் அப்படித்தான் ரோஸம்மா. மனுசங்களக் கண்டுக்க மாட்டான்."

எனக்கும் அதே கதைதான். அவனை ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார வைத்து, எதிரே ஸ்டூலில் நான் உட்காருவேன். "இங்கப் பாரு" என்றால் பார்ப்பான். நான் ஒரு பொட்டு வைத்து நிமிர்வதற்குள் முகம் ஜன்னலுக்குப் போயிருக்கும். பழைய கதை பேசுவோம். செத்துப்போனவர்களைப் பற்றிப் பேசுவோம். நான் அவனிடம் பேசுவேன், அவன் தண்ணீர்த் தொட்டியிடம் பதில் சொல்வான்.

ரோஸம்மா பால் விடாத கட்டன் சாயா கொண்டுவந்து பக்கத்து முக்காலியில் வைப்பாள். அவன் விரலால் முக்காலியைத் தடவிக்கொண்டே போய்த் தம்ளரைத் தொடுவான். உடனே எடுக்க மாட்டான். ராஜ தோரணை என்று நினைத்தேன். படியேறும்போது சுவரில் கையை வைத்துக்கொண்டே வருவான். வயது என்று நினைத்தேன். முகம் பார்ப்பதே என் பிழைப்பு. பார்த்த லட்சணம் இது.

கடைசியில், சரிடா, முகத்தைத் திருப்புகிறாயா, திருப்பின முகத்தையே போடுகிறேன் என்று முடிவு செய்தேன். அதற்குப் பிறகு வேலை சுறுசுறுப்பாக நடந்தது. என்னைப் பார்க்காத கண். பாதி இறங்கின இமை, அதன் கீழே ஊதாவும் பச்சையும். உதட்டோரத்தில் ஒரு சின்ன இறுக்கம். அறை சின்னது, தள்ளி நின்று பார்க்க இடம் கிடையாது. அதனால் நாலு பொட்டு வைப்பது, எழுந்து வெளியே படி முடிகிற நடைக்கு ஓடுவது, அங்கிருந்து பார்ப்பது, திரும்ப வருவது. ஒருநாள் நடையில் நின்று பார்த்தபோது எல்லாம் சேர்ந்துவிட்டது. அடடா, அந்த அலட்சியம்! அப்படியே வந்து உட்கார்ந்திருந்தது. கேன்வாஸின் பின்பக்கம் பென்சிலால் பெயர் எழுதினேன். 'பெரும்புள்ளி'.

அவன் பார்த்து ஒரு நிமிஷமாவது குறுகிப்போக வேண்டும். அதுதான் என் ஆசை. பிறகு, எப்படியும், ஒரு வார்த்தை சொல்வான்.

தண்ணீர்த் தொட்டி

இப்போது முதலில் விட்ட இடத்துக்கு வருகிறேன். படத்தைத் திருப்பி வைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"பாக்கக்கூட ஒனக்கு மனசு வரல்லியாடே?" என்று கத்தினேன். கீழே சாயாக்கடையில் பேச்சு நின்றுவிட்டது. "எழுத வேண்டாம். ஒரு எழவும் எழுத வேண்டாம். பாக்கவாவது செய்யலாம்லா? ஒன் மொகம்டே அது!"

"ஏன் கெடந்து கூவுற? பாத்துக்கிட்டுத்தாம்லே இருக்கேன்."

"எங்க பாக்க? தண்ணித் தொட்டியயா?"

கேசவன் மெதுவாகக் கேட்டான்.

"அங்க தண்ணித் தொட்டியா இருக்கு?"

எனக்கு உடனே விளங்கவில்லை. மாதக்கணக்காக அந்தப் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டிருந்தவன் கேட்கிற கேள்வியா அது?

"எனக்கு வெளிச்சம்னு மட்டுந்தான் தெரியும்" என்றான். "நேராப் பாத்தா நடுவுல ஒண்ணும் இல்லடே. கருப்பா ஒரு புள்ளி. எத நேராப் பாக்கேனோ அத அது தின்னுரும். ஒன்ன நேராப் பாத்தா ஒனக்குத் தலையே கெடையாது. மொகத்தத் திருப்புனாத்தான் ஓரத்துல வருவ. அதான் திருப்புகேன்."

சென்னையில் இருக்கும்போதே தொடங்கியிருக்கிறது. முதலில் ஒரு கண், பிறகு மற்றது. கண்ணுக்குள் ஊசியெல்லாம் போட்டிருக்கிறார்கள். இருப்பதைக் காப்பாற்றலாம், போனது வராது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"அதுக்குத்தான் எழுத்த நிறுத்துனியா?"

"பாக்காம எழுதுகவன் நெறையப் பேரு இருக்கான். நானும் அவனுவகூடச் சேரணுமா?"

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அத்தனை செவ்வாயும் அத்தனை வெள்ளியும் அவன் முகத்தைத் திருப்பியது என்னைப் பார்ப்பதற்காக. ரோஸம்மாவைப் பார்ப்பதற்காக. அழுகை வந்தது. வந்ததை எதற்கு மறைக்க வேண்டும்? அழுதேன். அவனுக்கு எவ்வளவு தெரிந்ததோ.

"பெறவு என்னத்துக்குடே என்ன வரையச் சொன்ன?"

"காலம்பற கண்ணாடி முன்னால நின்னா மொகம் இல்ல. தடவித் தடவிச் சவரம் செய்யேன். அவளும் போயாச்சு. இனி என் மொகத்த ஆரு பாக்கா? ஒருத்தன் பாத்து வச்சா நல்லதுன்னு தோணிச்சு."

அவனாக இத்தனை சொன்ன பிறகு எனக்கும் தொண்டையில் நின்றது வெளியே வந்துவிட்டது. இத்தனை வருடம் என்னைப் பற்றி ஏன் ஒரு வரி எழுதவில்லை என்று கேட்டேன்.

"நான் எழுதுனவன் எவனாவது இப்ப எனக்கு போன் பண்ணுகானா? திட்டி எழுதுனவன் பண்ண மாட்டான், அது ஞாயம். நல்லா எழுதுனவனும் பண்ணல்ல. அடுத்தால எவனையோ கூடுதல் நல்லா எழுதிட்டேன்னு கோவம். ஒன்ன எழுதியிருந்தா நீயும் போயிருப்ப." தம்ளரைத் தடவி எடுத்தான். "ஒருத்தனாவது மிச்சம் வேணும்லா மக்கா."

இதைக் கேட்டு உருகிவிட்டேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் ஆத்திரமும் சேர்ந்தே வந்தது. அவனுக்கு ஒரு நண்பன் மிச்சம் வேண்டும் என்பதற்காக நான் யாரும் பேசாத ஓவியனாக இருந்திருக்கிறேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லையா? கேட்டிருந்தால் எழுதித் தொலை என்றுதான் சொல்லியிருப்பேன். அவன் சொன்னபடியே போயும் இருப்பேனோ என்னவோ. அதை இப்போது எப்படிச் சொல்ல?

சாயா குடித்து முடித்தான். பிறகு முகத்தை இன்னும் கொஞ்சம் ஜன்னல் பக்கம் திருப்பி, மோவாயைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தான். அவன் படம் பார்க்கிறான் என்று எனக்குப் புரிந்தது. பழைய நாள்களில் கண்காட்சியில் வேர்த்ததுபோல எனக்கு வேர்க்க ஆரம்பித்தது.

"ஓரத்துல எல்லாம் கலங்கலாத்தான் தெரியும்" என்றான். "ஒனக்கு அது நல்லதாப் போச்சு. நீ நடைக்கு ஓடிப் போயில்லா பாக்க? நான் இருந்த எடத்துலயே பாக்கேன். புள்ளி ஒண்ணும் தெரியல்ல. ஆளு தெரியுகான்."

நான் சட்டை நுனியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டேன்.

"மூக்கு கொஞ்சம் கூடுதல்."

"ஒன் மூக்கே கூடுதல்தான்."

"ம்." காக்கா பறந்துபோனது. "இவன் ஆரப் பாக்கான்?"

திமிரை வரைந்தேன் என்று எப்படிச் சொல்வேன்?

"சன்னலத்தான்" என்றேன்.

"இல்லடே" என்றான். "ஒன்னையாக்கும் பாக்கான்."

அப்புறம், ஊரில் மீன் குழம்பை வாயில் வைத்துவிட்டு, நன்றாயிருக்கிறது என்பதற்குச் சொல்வதுபோல, சாதாரணமாகச் சொன்னான்:

"கொள்ளாம்."

மற்றவர்களுக்கு அவன் எழுதிய ஆங்கிலப் பெயரடைகளை எல்லாம் நான் வாசித்திருக்கிறேன். எனக்கு இதுதான் கிடைத்தது. அவன் ஆட்டோ ஏறிப் போனதும் கேன்வாஸைத் திருப்பி, ரப்பரால் 'பெரும்' என்பதை அழித்தேன். 'புள்ளி' மட்டும் இருக்கிறது.

இப்போது

மழைக்காலத்துக்கு முன்பே மகள் வந்து அவனைப் பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். இரணியல் வீடு மறுபடி பூட்டிக் கிடக்கிறது. படத்தை எடுத்துக்கொண்டு போ என்றேன். "அங்க சொவருல எடமில்ல. நீ வச்சுக்க. நீ பாத்தாப் போதும்" என்றுவிட்டான்.

முதலில் வாரத்துக்கு இரண்டு முறை போன் வந்தது. செவ்வாய், வெள்ளி. இப்போது எப்போதாவதுதான் வருகிறது. பக்கத்தில் டிவி ஓடும். அவன் குரல் தேய்ந்துகொண்டே வருகிறது. கண் விஷயத்தை அப்போது யாரிடமும் சொல்லாதே என்றவன், போன மாதம் அவனாகவே, "எழுதணும்னா எழுதுலே" என்றான். "மவ வாசிச்சுச் சொல்லுவா. அவளுக்குத் தமிழு தட்டித்தட்டித்தான் வரும். சின்னச் சின்னதா எழுது. தப்பு இருந்தா விட மாட்டேன், கேட்டியா?" எழுதிவிட்டேன் கேசவா. என்ன சொல்கிறாய்?

அவனுக்கு நான் மிச்சம். எனக்கும் அவன்தான் மிச்சமாக இருந்தான் என்பதை அவன் போன பிறகுதான் இந்த அறை எனக்குச் சொல்கிறது.

படம் அவன் உட்கார்ந்த ஜன்னலோரத்திலேயே இருக்கிறது. நான் ஸ்டூலை நகர்த்தவில்லை. சாப்பாடும் அங்கேதான். சென்னையிலிருந்து வந்து பார்த்த ஒருவர், "என்ன ஒரு திமிர் சார் அந்த முகத்துல, பிரமாதம்" என்றார். அவருக்கு ஒரு சாயா சொன்னேன்.

கேசவன் போன மறுவாரம், வெள்ளிக்கிழமை என்று நினைக்கிறேன், ரோஸம்மா சாயா கொண்டுவந்தாள். உள்ளே வராமல் நடையிலேயே நின்றாள். அங்கிருந்து படம் நன்றாகத் தெரியும். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஊர விட்டுப் போயும் புள்ளி மொகத்தத் திருப்பிக்கிட்டுத்தான் இருக்காரு" என்றாள்.

"இல்ல ரோஸம்மா. பாத்துக்கிட்டு இருக்காரு."

"ஆரயாக்கும்?"

தலையை நீட்டி அறைக்குள் சுற்றிலும் பார்த்தாள். என்னைத் தவிர யாரும் இல்லை.